வீட்டு அம்ப்ளிபயருடன் சப்வூபரை இணைத்தல்: ஒரு பௌதிகவியல் பாடம்

தாயின் வயிற்றிலிருந்து எதனையும் அறியாத நிலையில் வெளிவரும் மனிதனுக்கு அல்லாஹ் செவியையும் பார்வையையும் இதயத்தையும் அருளியதை அல்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் நினைவூட்டுகிறது. அங்கே முதலில் கூறப்படுவது செவியாகும். அச்செவிக்கு எட்டும் ஒலியைப் பற்றி நாம் வகுப்பறையில் நிறையப் படிக்கிறோம். அலைநீளம், மீடிறன், அவத்தை, பரிவு என்று வரைவிலக்கணங்களை மனனம் செய்கிறோம். ஆனால் அவை யாவும் எமது வீட்டு ஹோலில் ஒரு மேசையின் மீது அமர்ந்திருப்பதை நாம் கவனிப்பதில்லை.

எமது ஊர்களில் பல வீடுகளில் ஓர் அம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வாப்பா கொண்டு வந்ததாக இருக்கலாம். பழைய பொருட்கள் விற்கும் கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். சில காலம் சென்றதும் அதனோடு ஒரு சப்வூபரும் வந்து சேரும். நானாவோ மாமாவோ கையில் அகப்பட்ட வயர்களை முறுக்கி இணைத்து விடுவார். சில வீடுகளில் அது நன்றாக வேலை செய்யும். வேறு சில வீடுகளில் ஓயாத இரைச்சல் கேட்கும். இன்னும் சில வீடுகளில் அம்ப்ளிபயர் சூடேறிப் புகைந்து போகும். இந்த வேறுபாடு அதிர்ஷ்டத்தால் வருவதன்று. சாதாரண தரத்தில் நாம் கற்கும் ஓமின் விதியும் உயர்தரத்தில் கற்கும் அலைகளும் இதற்கு முழு விளக்கம் தருகின்றன. எனவே இது ஆண்பிள்ளைகளின் வேலை என்று எவரும் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை.

தாழ்ந்த ஒலிக்குத் தனிப் பெட்டி ஏன்?

மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையிலான மீடிறன்களை உணரக்கூடியது. இடி முழக்கம், றபானின் ஆழ்ந்த அதிர்வு, கடலின் பேரிரைச்சல் ஆகியவற்றில் தாழ்ந்த மீடிறன்கள் அதிகம். இவற்றை உண்டாக்குவது சிறிய ஸ்பீக்கருக்குக் கடினம். ஏன்?

ஸ்பீக்கரின் உள்ளே ஒரு காந்தப்புலத்தில் கம்பிச் சுருள் ஒன்று தொங்குகிறது. அச்சுருளில் மின்னோட்டம் மாறும்போது அதன் மீதான விசையும் மாறுகிறது. சுருளோடு ஒட்டப்பட்ட கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. இன்று நாம் பயன்படுத்தும் இந்த அமைப்பை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெலொக் ஆகிய இரு பொறியியலாளர்கள் 1925 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர்.

ஒரே கூம்பு ஒரே அளவு ஒலியமுக்கத்தைத் தர வேண்டுமாயின், மீடிறன் அரைவாசியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் அதன் அசைவு நான்கு மடங்காக வேண்டும். 400 ஹேர்ட்ஸிலிருந்து 50 ஹேர்ட்ஸுக்கு வரும்போது மீடிறன் எட்டில் ஒன்றாகிறது. ஆகவே ஏனைய நிபந்தனைகள் மாறாதிருப்பின் அசைவு 64 மடங்காக வேண்டும். ஐந்து அங்குலக் கூம்பினால் அவ்வளவு தூரம் அசைய முடியாது. அசைய முயன்றால் ஒலி திரிபடையும். ஆகவே அகன்ற கூம்பும் நீண்ட அசைவும் கொண்ட தனியொரு ஸ்பீக்கரிடம் அவ்வேலையை ஒப்படைக்கிறோம். அதுவே சப்வூபர்.

இரண்டு வகைகள்

கடைக்குச் செல்லுமுன் இவ்விரு வகைகளையும் வேறுபிரித்து அறிந்திருப்பது அவசியம்.

முதலாவது, தன்னுள்ளேயே ஓர் அம்ப்ளிபயரைக் கொண்ட சப்வூபர். இதற்கு 230 வோல்ற்று மின்சாரம் நேரடியாக வேண்டும். பின்பக்கத்தில் மின் வயரும், ஒலியளவு, மீடிறன் ஆகியவற்றுக்கான திருகிகளும் காணப்படும். இதனை அக்டிவ் சப்வூபர் என்பர்.

இரண்டாவது, வெறும் ஸ்பீக்கரையும் பெட்டியையும் மாத்திரம் கொண்டது. பின்பக்கத்தில் சிவப்பு, கறுப்பு முனைகள் மட்டுமே இருக்கும். இதனை பெஸிவ் சப்வூபர் என்பர். இதற்குத் தனியான ஓர் அம்ப்ளிபயரும், தாழ்ந்த மீடிறன்களை மட்டும் பிரித்தனுப்பும் வடிசுற்றும் தேவை. விலை குறைவு என்று இதனை வாங்கி வந்து, இருக்கின்ற ஸ்பீக்கர் முனைகளிலேயே மாட்டி விடுவதுதான் பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம்.

அம்ப்ளிபயரின் பின்பக்கத்தைப் படித்தல்

அம்ப்ளிபயரைத் திருப்பிப் பாருங்கள். பாடநூலில் இதனை விரியலாக்கி என்கிறோம். பெய்ப்பாக வரும் சிறிய மின் சமிக்ஞையைப் பெரிதாக்கிப் பயப்பாகத் தருவதே இதன் வேலை. அதன் பின்பக்கத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்து மூன்று வழிகளில் ஒன்றைத் தெரிவு செய்யலாம்.

முதல் வழி: ‘சப் அவுட்’ அல்லது ‘சப்வூபர் அவுட்’ என்ற துவாரம் இருந்தால் வேலை எளிது. அதிலிருந்து ஓர் ஆர்சிஏ வயரை சப்வூபரின் ‘லைன் இன்’ அல்லது ‘எல்எஃப்ஈ’ துவாரத்துக்குக் கொண்டு சென்றால் போதும்.

இரண்டாம் வழி: ‘பிரீ அவுட்’ என்று இடம், வலம் என இரண்டு துவாரங்கள் இருந்தால், இரண்டு ஆர்சிஏ வயர்களால் சப்வூபரின் இடம், வலம் பெய்ப்புகளுக்கு இணைக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. ‘ரெக் அவுட்’ அல்லது ‘டேப் அவுட்’ என்ற துவாரங்களும் பார்வைக்கு இதுபோலவே இருக்கும். அவை ஒலிப்பதிவுக்கானவை, ஒலியளவுத் திருகியைக் குறைத்தாலும் அவற்றின் பயப்பு குறையாது. அதில் இணைத்தால் ஸ்பீக்கர்கள் மெதுவாக ஒலிக்கும்போதும் சப்வூபர் மட்டும் முழங்கிக் கொண்டேயிருக்கும்.

மூன்றாம் வழி: பழைய அம்ப்ளிபயர்கள் பலவற்றில் ஸ்பீக்கர் முனைகளைத் தவிர வேறெதுவும் இராது. அப்போது சப்வூபரில் ‘ஹை லெவல் இன்புட்’ அல்லது ‘ஸ்பீக்கர் லெவல் இன்புட்’ என்ற முனைகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்து ஸ்பீக்கர்களுக்குச் செல்லும் வயரோடு, சப்வூபருக்கும் சமாந்தரமாக ஒரு வயரைக் கொண்டு செல்லலாம். இந்த முனைகளின் பெய்ப்புத் தடை பெரும்பாலும் ஆயிரக்கணக்கான ஓம்களாக இருப்பதால் அம்ப்ளிபயர் அதனை ஒரு சுமையாகவே உணராது.

மூன்றாம் வழியில் ஒன்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். சில அம்ப்ளிபயர்களில் இடது, வலது கறுப்பு முனைகள் இரண்டும் உள்ளே ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருப்பதில்லை. அவற்றை வெளியில் ஒன்று சேர்த்தால் குறுஞ்சுற்று ஏற்படலாம். மின்சாரத்தைத் துண்டித்து, எல்லா வயர்களையும் கழற்றிய பின், பல்மானியினால் இரு கறுப்பு முனைகளுக்கும் இடையே தொடர்ச்சி உண்டா என்று பாருங்கள். தொடர்ச்சி இல்லையெனில் இணைக்காமல், கைந்நூலைப் பார்த்தோ தகுதி வாய்ந்த திருத்துநரைக் கேட்டோ முடிவு செய்ய வேண்டும்.

ஸ்பீக்கர் முனையிலிருந்து வரும் வயரை ‘லைன் இன்’ துவாரத்தில் மாட்டுவது ஒருபோதும் கூடாது. ‘லைன்’ பெய்ப்பு எதிர்பார்ப்பது ஒன்று, இரண்டு வோல்ற்று அளவையே. ஸ்பீக்கர் முனையிலோ பல பத்து வோல்ற்றுகள் வரக்கூடும்.

புகை வருவது ஏன்? ஓர் எளிய கணக்கு

8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று பொருத்தப்பட்ட முனையில், 4 ஓம் பெஸிவ் சப்வூபர் ஒன்றையும் சமாந்தரமாக மாட்டி விட்டோம் எனக் கொள்வோம். பயப்பு அழுத்தம் 20 வோல்ற்று என்க.

முன்பு: மின்னோட்டம் = 20 ÷ 8 = 2.5 அம்பியர்; வலு = 20 × 2.5 = 50 வாற்று.

சமாந்தரத் தடை = (8 × 4) ÷ (8 + 4) = 2.67 ஓம்.

பின்பு: மின்னோட்டம் = 20 ÷ 2.67 = 7.5 அம்பியர்; வலு = 20 × 7.5 = 150 வாற்று.

மின்னோட்டம் மூன்று மடங்காகிறது. அம்ப்ளிபயரினுள் இருக்கும் திரான்சிற்றர்கள் இதனைத் தாங்க வேண்டும். பாதுகாப்புச் சுற்று இருந்தால் அது தானாக நின்றுவிடும். இல்லையெனில் உருகி எரியும், அல்லது திரான்சிற்றரே எரியும். அம்ப்ளிபயரின் பின்பக்கத்தில் ஸ்பீக்கர் முனைகளுக்கு அருகே ‘குறைந்தது 6 ஓம்’ என்றோ ‘4 முதல் 8 ஓம்’ என்றோ அச்சிடப்பட்டிருப்பதன் பொருள் இதுதான். அந்தச் சிறிய எழுத்தை வாசிக்காமல் விடுவதன் விலை ஓர் அம்ப்ளிபயர்.

(ஸ்பீக்கரின் எதிர்ப்பு மீடிறனோடு மாறக்கூடியது. அதனைத் தடங்கல் என்பதே சரி. கணக்கை எளிமையாக்கவே இங்கு தடையாகக் கொண்டோம்.)

இணைக்கும் ஒழுங்கு

1. எல்லாக் கருவிகளையும் நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி விடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது.
2. வயரின் காவலியை முனையில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு மட்டும் நீக்கி, செப்பு இழைகளை இறுக முறுக்குங்கள். ஓர் இழை கூட அடுத்த முனையைத் தொடக் கூடாது.
3. சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும்.
4. அம்ப்ளிபயர், சப்வூபர் இரண்டினதும் ஒலியளவை மிகக் குறைந்த நிலையில் வையுங்கள்.
5. முதலில் அம்ப்ளிபயரையும் இறுதியில் சப்வூபரையும் இயக்குங்கள். நிறுத்தும்போது சப்வூபரை முதலில் நிறுத்துங்கள். இதனால் ‘டப்’ என்ற அதிர்ச்சி ஒலி கூம்பைத் தாக்காது.
6. ஒலியளவை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கருகும் மணமோ அசாதாரணச் சூடோ தெரிந்தால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள்.

மூன்று திருகிகள்

சப்வூபரின் பின்னால் உள்ள மூன்று கட்டுப்பாடுகளையும் விளங்கிக்கொண்டால் நல்ல ஒலி தானாக வரும்.

மீடிறன் திருகி: எந்த மீடிறனுக்குக் கீழே சப்வூபர் வேலை செய்ய வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. ஐந்து, ஆறு அங்குலக் கூம்புள்ள ஸ்பீக்கர்களுக்கு 80 ஹேர்ட்ஸ் நல்ல தொடக்கம். உயரமான பெரிய ஸ்பீக்கர்களாயின் 50 அல்லது 60 போதும். மிகச் சிறியவையாயின் 100 முதல் 120 வரை தேவைப்படலாம். ஏறத்தாழ 80 ஹேர்ட்ஸுக்குக் கீழான ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவியால் எளிதில் இனங்காண முடியாது. ஆகவேதான் ஒரு சப்வூபரே இரு ஸ்பீக்கர்களுக்கும் போதுமாகிறது.

அவத்தைத் திருகி: ஸ்பீக்கர்களின் கூம்புகள் முன்னோக்கி அசையும் வேளையில் சப்வூபரின் கூம்பு பின்னோக்கி அசைந்தால் இரு அலைகளும் ஒன்றையொன்று அழிக்கும். இது நாம் கற்கும் அழிவுத் தலையீடு. 30 பாகை செல்சியசில் காற்றில் ஒலியின் கதி ஏறத்தாழ செக்கனுக்கு 350 மீற்றர். எனவே 80 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் 350 ÷ 80 = 4.4 மீற்றர், அதில் அரைவாசி 2.2 மீற்றர். சப்வூபர் ஸ்பீக்கர்களை விட எம்மிலிருந்து 2.2 மீற்றர் அதிக தூரத்தில் இருந்தாலே அம்மீடிறனில் அவத்தை எதிராகிவிடும். ஒருவர் வழமையான இடத்தில் அமர்ந்து கேட்க, மற்றவர் சுவிட்சை 0 இலிருந்து 180 க்கு மாற்றட்டும். எந்நிலையில் தாழ்ந்த ஒலி நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரியான நிலை.

ஒலியளவுத் திருகி: இதற்குச் சிறந்த அளவுகோல் மனிதக் குரல். ஆண் குரலின் அடிப்படை மீடிறன் பெரும்பாலும் 85 முதல் 180 ஹேர்ட்ஸுக்குள் அமையும். பெண் குரல் அதனிலும் உயர்ந்தது. நல்ல காரி ஒருவரின் கிராஅத்தையோ வானொலிச் செய்தியையோ ஒலிக்க விடுங்கள். குரல் இரு ஸ்பீக்கர்களின் நடுவிலிருந்து தெளிவாக வர வேண்டும். குடத்தினுள் பேசுவது போல முழங்கினாலோ, குரலின் ஒரு பகுதி மூலையிலுள்ள பெட்டியிலிருந்து வருவதாகத் தோன்றினாலோ, சப்வூபரின் ஒலியளவு கூடிவிட்டது, அல்லது மீடிறன் திருகி உயர்ந்துவிட்டது என்பது பொருள். நன்றாக இணைக்கப்பட்ட சப்வூபர் தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளாது. நிறுத்தும்போதுதான் ஏதோ குறைந்துவிட்டதாகத் தெரியும்.

எங்கே வைப்பது?

இரு சுவர்களுக்கிடையே ஒலி முன்னும் பின்னும் தெறித்து நின்ற அலைகளை உண்டாக்குகிறது. அறையின் நீளம் 3.5 மீற்றர் எனின், மிகத் தாழ்ந்த நின்ற அலையின் நீளம் 7 மீற்றர்; மீடிறன் 350 ÷ 7 = 50 ஹேர்ட்ஸ். இம்மீடிறனில் அறையின் நடுவே அமுக்க மாறல் மிகக் குறைவாகவும் சுவரோரங்களில் மிக அதிகமாகவும் இருக்கும். அதனாலேயே மூலையில் வைத்த சப்வூபர் அதிகமாக முழங்குகிறது. அறை நடுவில் அமர்ந்தவருக்குச் சில ஒலிகள் காணாமல் போவதும் இதனாலேயே.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. நாம் வழமையாக அமரும் இடத்தில் சப்வூபரை வைத்து ஒலிக்க விட்டு, சுவரோரமாக மெல்ல நடந்து, குனிந்து கேட்க வேண்டும். எந்த இடத்தில் தாழ்ந்த ஒலிகள் யாவும் ஒரே சீராகக் கேட்கின்றனவோ அங்கே சப்வூபரை நிரந்தரமாக வைக்கலாம். ஒலி முதலையும் கேட்பவரையும் இடம் மாற்றினாலும் அவற்றுக்கிடையிலான தொடர்பு மாறாது என்பதே இதன் அடிப்படை.

‘ம்ம்ம்’ என்ற இரைச்சல்

எமது நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் மீடிறன் கொண்டது. சப்வூபர் மிக விருப்போடு ஒலிக்கும் மீடிறனும் அதுவே. எனவே சிறு கசிவும் இரைச்சலாகக் கேட்கும். புவித்தொடுப்புள்ள இரு கருவிகளை வெவ்வேறு இடங்களில் உள்ள பிளக்குகளில் மாட்டும்போது, புவிக் கம்பிகளும் ஆர்சிஏ வயரின் வெளியுறையும் சேர்ந்து ஒரு தடமாகி, அதில் சிறு மின்னோட்டம் ஓடலாம். இரண்டையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து எடுப்பது முதல் பரிகாரம். ஆர்சிஏ வயரை மின் வயர்களிலிருந்து விலக்கிக் கொண்டு செல்வது இரண்டாவது.

மூன்று முள் பிளக்கின் புவி முள்ளை வெட்டிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்று சிலர் கூறுவர். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கருவியினுள் மின் கசிந்து உலோகப் பெட்டிக்கு வரும் நாளில், அம்மின்னோட்டம் செல்ல வேண்டிய வழியை நாமே அடைத்தவர்களாவோம். அப்பெட்டியைத் தொடும் பிள்ளையின் உடலே அதற்கு வழியாகும். இரைச்சலுக்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. ட்ரிப் சுவிட்ச் சரியாக இயங்குகிறதா என்பதை அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி இடைக்கிடை பார்த்துக்கொள்வதும் நல்லது.

செவியும் சுவரும்

மெதுவான ஒலியில் எமது செவி தாழ்ந்த மீடிறன்களைக் குறைவாகவே உணர்கிறது என்பதை பிளெச்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933 இல் அளந்து காட்டினர். இதனால்தான் ஒலியைக் கூட்டிக் கூட்டி வைக்கும் ஆசை எழுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்கள் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலங்கள் வரை கேட்கலாம். பிள்ளைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபெல்லே எல்லை. ஒலி 3 டெசிபெல்லால் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் அரைவாசியாகக் குறைய வேண்டும். 89 டெசிபெல்லில் வளர்ந்தவர்களுக்கே வாரத்துக்கு 5 மணித்தியாலங்கள்தான். உட்செவியில் இறந்து போன உணர்கலங்கள் மீண்டும் வளர்வதில்லை.

அடுத்தது அயலவர். உயர்ந்த மீடிறன்களைச் சுவர் பெருமளவு தடுத்துவிடும். தாழ்ந்த மீடிறன்களோ சுவரையே அதிரச் செய்து அப்பால் கடந்து செல்லும். எமக்கு இனிமையாகக் கேட்பது பக்கத்து வீட்டுக்கு ‘டும், டும்’ என்ற இடி மட்டுமே. அங்கே ஒரு நோயாளி உறங்கலாம். பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். ஒரு மூதாட்டி தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருக்கலாம். அயலவருக்குத் தொல்லை தராதிருப்பதை ஈமானோடு இணைத்துப் போதித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். குர்ஆன் ஓதலையே ஒலிக்க விட்டாலும் பிறரின் உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு விடுவது முறையன்று. இணைப்பு வேலை முடிந்ததும் ஒருமுறை வெளியே சென்று, பக்கத்து வீட்டு மதிலருகே நின்று கேளுங்கள். அங்கே எதுவும் கேளாத நிலையே எமது ஒலியளவின் எல்லை. சப்வூபரின் கீழே தடித்த இறப்பர் விரிப்பொன்றை இட்டால் தரை வழியே செல்லும் அதிர்வும் குறையும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்த வேலையை உங்கள் மகள் செய்ய விரும்பினால் தடுக்காதீர்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள். பிளக்கைக் கழற்றிய பின்பே தொடுவது, எழுதப்பட்டதை வாசித்த பின்பே இணைப்பது, கணக்கிட்ட பின்பே வாங்குவது ஆகிய மூன்று பழக்கங்களும் சப்வூபரோடு நின்று விடுபவை அல்ல.

செய்து பார்ப்போம்

1. ஒலியின் கதி செக்கனுக்கு 350 மீற்றர் எனின், 70 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் யாது?
2. 12 வோல்ற்றுப் பயப்பில் 6 ஓம் ஸ்பீக்கர் ஒன்று உள்ளது. இன்னொரு 6 ஓம் ஸ்பீக்கரைச் சமாந்தரமாக இணைத்தால் மின்னோட்டம் எவ்வளவிலிருந்து எவ்வளவாகும்?
3. 5 மீற்றர் நீளமான அறையில், அந்நீளத்தின் வழியே உண்டாகும் மிகத் தாழ்ந்த நின்ற அலையின் மீடிறன் யாது?

விடைகள்: 1. 5 மீற்றர். 2. 2 அம்பியரிலிருந்து 4 அம்பியர். 3. 35 ஹேர்ட்ஸ்.

மூன்றாம் வினாவை உங்கள் வீட்டு ஹோலின் நீளத்தை அளந்து மீண்டும் ஒருமுறை செய்து பாருங்கள். விடை ஒவ்வொரு வீட்டுக்கும் வேறுபடும்.